பவளத் தொட்டியின் வரவு செலவு

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை நன்னீர்த் தொட்டிகள். ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் சிலர் தம் வீட்டுக் கூடத்தில் கடல்நீரை நிரப்பி, அதில் உயிருள்ள பவளங்களையே வளர்க்கிறார்கள். பச்சையும் ஊதாவும் பழுப்புமாகப் பவளங்கள் கிளைவிட்டு வளர்ந்திருக்க, இடையிடையே சிறு மீன்கள் நீந்தும் அக்காட்சி கண்ணைக் கவரும்.

ஆனால் அத்தொட்டியை ஏற்படுத்துவதைவிடக் காப்பாற்றுவதே கடினம். தொட்டி நீர் பளிங்கு போல் தெளிவாக இருக்கும். விளக்கு பிரகாசமாக எரியும். மீன்களும் நன்றாக நீந்தும். ஆயினும் பவளங்கள் ஒவ்வொன்றாக வெளிறி இறந்து போகும். காரணம் கண்ணுக்குத் தெரியாது. அது நீரின் வேதியியலில் ஒளிந்திருக்கிறது. வீட்டுச் செலவுக்குக் கணக்கு எழுதுவது போல, தொட்டி நீருக்கும் வரவு செலவு எழுதினால் அக்காரணம் வெளிப்பட்டுவிடும். அந்தக் கணக்கை நாம் எழுதிப் பார்ப்போமா?

கையிருப்பு என்ன?

எந்தக் கணக்கும் கையிருப்பில்தான் தொடங்கும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இதில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்த சாதாரண உப்பான சோடியம் குளோரைடு. அடுத்து சல்பேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் முதலிய அயனிகள் உள்ளன.

1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' என்னும் பிரிட்டிஷ் கப்பல் உலகின் கடல்களைச் சுற்றி வந்தது. அது பல இடங்களில் சேகரித்த கடல்நீர் மாதிரிகளுள் 77ஐ வில்லியம் டிட்மார் என்னும் வேதியியலார் ஆராய்ந்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். ஓரிடத்தில் உப்பு சற்றுக் கூடுதலாகவும் மற்றோர் இடத்தில் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் திறந்த பெருங்கடல்களில் முக்கியமான அயனிகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் எங்கும் கிட்டத்தட்ட மாறுவதில்லை என்பதே அவர் உறுதி செய்த உண்மை. கடலில் வாழும் உயிர்கள் இந்த மாறாத விகிதத்துக்குப் பழகியவை.

கடலுக்குத் தொலைவில் உள்ளவர்கள் இதே விகிதத்தில் கலந்த செயற்கைக் கடலுப்பை வாங்கித் தூய நீரில் கரைத்துக்கொள்கிறார்கள். குழாய் நீரில் குளோரின், நைட்ரேட், பாஸ்பேட், சில வேளைகளில் தாமிரம் ஆகியவை இருக்கக்கூடும். தாமிரம் மிகச் சிறு அளவில் இருந்தாலே முதுகெலும்பற்ற கடல் உயிர்களுக்கு நஞ்சாகும். எனவே அந்த நீரைச் சவ்வு வடிகட்டியின் வழியே செலுத்தித் தூய்மையாக்கிய பின்னரே பயன்படுத்துகிறார்கள்.

நம் கணக்குக்காக 200 லிட்டர் கொள்ளும் ஒரு கற்பனைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ். நமக்கு வேண்டிய இருப்பு இது:

மொத்த உப்பு: சுமார் 7 கிலோகிராம்
மக்னீசியம்: லிட்டருக்கு 1,300 மில்லிகிராம்
கால்சியம்: லிட்டருக்கு 420 மில்லிகிராம்
பைகார்பனேட்: லிட்டருக்கு 150 மில்லிகிராம்

முதல் செலவு ஆவியாதல். இத்தகைய தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 2 லிட்டர், 3 லிட்டர் நீர் ஆவியாகிவிடுவது உண்டு. நீர் போகும், உப்பு போகாது. உப்பளத்தில் நடப்பதும் இதுதான். 10 லிட்டர் ஆவியானால் 35 கிராமாக இருந்த உப்பளவு ஏறத்தாழ 37 கிராமாகிவிடும். ஆகவே குறைந்த இடத்தை நிரப்பத் தூய நன்னீரையே ஊற்ற வேண்டும். 'கடல்நீர்த் தொட்டிதானே' என்று கடல்நீரை ஊற்றுவது புதிதாகத் தொடங்குவோர் செய்யும் தவறு. போன நீருக்குப் பதிலாக நீரோடு உப்பும் சேர்ந்து வந்துவிடுகிறது அல்லவா?

பவளம் கட்டும் வீடு

பவளத்தைப் 'பவளப் பூச்சி' என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது பூச்சி அன்று. கடல் சாமந்தி, ஜெல்லி மீன் ஆகியவற்றின் உறவினம். மென்மையான சிறு குழல் போன்ற உடலும், வாயைச் சுற்றி உணர்விழைகளும் கொண்ட விலங்கு. கடினப் பவளங்கள் தம் உடலுக்கு அடியில் கால்சியம் கார்பனேட்டைப் படிய வைத்து வீடு கட்டிக்கொள்கின்றன. கோடிக்கணக்கான இத்தகைய வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பியதே பவளப்பாறை.

வீடு கட்டக் கல்லும் சுண்ணாம்பும் எங்கிருந்து கிடைக்கின்றன? சுற்றியுள்ள நீரிலிருந்துதான். அந்த வேதிவினையைச் சொற்களில் இவ்வாறு எழுதலாம்:

கால்சியம் + பைகார்பனேட் → கால்சியம் கார்பனேட் + கரியமில வாயு + நீர்

இதில் ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு பைகார்பனேட் அயனிகள் வேண்டும். எடைக் கணக்கில் பார்த்தால், 40 கிராம் கால்சியமும் 122 கிராம் பைகார்பனேட்டும் சேர்ந்து 100 கிராம் கால்சியம் கார்பனேட், 44 கிராம் கரியமில வாயு, 18 கிராம் நீர் ஆகியவற்றைத் தருகின்றன. இரு பக்கமும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் 162 கிராம். கணக்கு சரியாக இருக்கிறது.

வெளிவரும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைப் பவளத்தின் உடலுக்குள்ளேயே குடியிருக்கும் ஒருசெல் பாசிகள் ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கொள்கின்றன. பாசி தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குக் கிடைக்கிறது. பவளத் தொட்டிக்கு வலிமையான விளக்கு வேண்டியிருப்பது இந்தப் பாசிகளுக்காகவே.

எது முதலில் தீரும்?

இனிமேல் வருவதுதான் முக்கியமான கேள்வி. நம் தொட்டியில் பவளங்கள் செழிப்பாக வளர்ந்து, எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 5 கிராம் கால்சியம் கார்பனேட் படிய வைப்பதாகக் கொள்வோம். நீரில் எந்தப் பொருள் முதலில் தீர்ந்துபோகும்? மேலே படிப்பதற்கு முன் ஒரு விடையை ஊகித்து வைத்துக்கொள்ளுங்கள்.

'பவளத்தின் ஓடு கால்சியத்தால் ஆனது. எனவே கால்சியம்தான் முதலில் தீரும்' என்று நினைக்கத் தோன்றும். கணக்கிடுவோம்.

200 லிட்டரில் உள்ள கால்சியம் 84 கிராம். 5 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நாள்தோறும் ஆகும் செலவு 2 கிராம். கையிருப்பு 42 நாட்களுக்குப் போதும்.

200 லிட்டரில் உள்ள பைகார்பனேட் 30 கிராம். நாள்தோறும் ஆகும் செலவு 6.1 கிராம். கையிருப்பு 5 நாட்களுக்குக்கூட முழுமையாகப் போதாது!

மூன்று நாட்கள் கழித்து நீரைச் சோதித்தால் கால்சியம் லிட்டருக்கு 390 மில்லிகிராம் இருக்கும். 'கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, கவலையில்லை' என்று வளர்ப்பவர் நினைப்பார். ஆனால் பைகார்பனேட் 150இலிருந்து 60க்கும் கீழே இறங்கியிருக்கும். ஒரு பை ஏறக்குறைய நிறைந்திருக்க, மற்றொரு பை பாதிக்கு மேல் காலியாகிவிட்டது. கால்சியத்தை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு இந்த ஆபத்து தெரியவே தெரியாது.

உண்மையில் பைகார்பனேட் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடாது. அது குறையக் குறையப் பவளத்தின் வளர்ச்சி தளர்ந்துகொண்டே வரும்; பின்னர் நின்றுவிடும். அதற்குள் நீரின் அமிலத் தாங்கும் ஆற்றலும் குறைந்துபோய், பவளங்கள் நலிவடையத் தொடங்கும். தொட்டி நீர் மட்டும் முன்போலவே பளிங்கு போல் இருக்கும்.

பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நீரில் பைகார்பனேட் லிட்டருக்கு 100 மில்லிகிராமாகக் குறைந்திருக்கும்போது, 20 லிட்டரை வெளியேற்றி 150 மில்லிகிராம் உள்ள புதுநீரை ஊற்றுகிறோம் என்று கொள்வோம். அளவு 105 மில்லிகிராமாக உயரும், அவ்வளவுதான். அதை அன்று மாலைக்குள் பவளங்கள் செலவழித்துவிடும். நீர் மாற்றுவது கழிவுகளை நீக்க உதவும். இந்தக் கடனை அடைக்க உதவாது.

காரத்தன்மை வேறு, பி.எச். வேறு

பைகார்பனேட்டை நேரடியாக அளப்பதற்குப் பதிலாகக் காரத்தன்மை என்னும் அளவையே பவளம் வளர்ப்பவர்கள் பார்க்கிறார்கள். நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதே காரத்தன்மை. கடல்நீரில் இந்த ஆற்றலின் பெரும்பகுதி பைகார்பனேட்டாலும் கார்பனேட்டாலும் வருவது. போரேட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

இதை அளக்கும் முறை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்யும் தரம் பார்த்தலேதான். 5 மில்லிலிட்டர் தொட்டி நீரை ஒரு சிறு குப்பியில் எடுத்து, நிறங்காட்டியில் சில துளிகள் விட்டு, செறிவு தெரிந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறார்கள். பி.எச். மதிப்பு ஏறத்தாழ 4.5 ஆகும்போது நிறம் மாறும். எத்தனை சொட்டு ஆயிற்று என்பதிலிருந்து காரத்தன்மை தெரிந்துவிடும்.

பி.எச். மதிப்போ, அந்த நொடியில் நீர் எந்த அளவுக்கு அமிலமாக அல்லது காரமாக உள்ளது என்பதை மட்டுமே காட்டும். கடலின் மேற்பரப்பு நீரில் இது ஏறத்தாழ 8.1. தொட்டியில் இது ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். பகலில் பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். உயரும். இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்து அவ்வாயுவை வெளிவிடுவதால் இறங்கும். பகலில் 8.3, விடியற்காலையில் 7.9 என இருப்பது வியப்பன்று. இத்தனைக்கும் காரத்தன்மை அப்படியே இருக்கும். கரியமில வாயு கரைவதாலும் வெளியேறுவதாலும் மட்டும் காரத்தன்மை மாறுவதில்லை.

குளிர்நாடுகளில் ஒரு விந்தை நிகழ்வது உண்டு. பனிக்காலத்தில் சன்னல்களை அடைத்துவிடுவார்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கும் கரியமில வாயு, ஆட்கள் நிறைந்த மூடிய அறையில் 1,000 பங்கைத் தாண்டிவிடும். அது தொட்டி நீரிலும் கரையும், பி.எச். இறங்கும். காரணம் அறியாதவர் மேலும் மேலும் மருந்தைக் கொட்டுவார். அறிந்தவர் எழுந்து போய்ச் சன்னலைத் திறப்பார்!

நீங்களே செய்து பாருங்கள்

பவளத் தொட்டியின் வேதியியல் முழுவதையும் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் காணலாம். ஆசிரியரையோ வீட்டுப் பெரியவர்களையோ அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது, வாய்க்குள்ளும் போகக்கூடாது.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் ஒரு தேக்கரண்டி எடுத்து அரை லிட்டர் நீரில் கலக்கி மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் மேலே நீர் தெளிந்துவிடும். அந்தத் தெளிந்த சுண்ணாம்பு நீரை மெதுவாக இறுத்து, சம அளவு காய்ச்சி ஆறிய நீரைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

முதற்படி: இந்நீரை ஒரு தம்ளரில் கால் பாகம் எடுத்து, உறிஞ்சு குழல் ஒன்றின் வழியே மெதுவாக ஊதுங்கள். ஊத மட்டுமே வேண்டும், உறிஞ்சக் கூடாது. உங்கள் மூச்சிலுள்ள கரியமில வாயுவால் நீர் பால் போலாகும். அந்த வெண்மை கால்சியம் கார்பனேட். பவளத்தின் ஓடும் அதே பொருள்தான்.

இரண்டாம் படி: அப்போது திறந்த சாதாரணச் சோடாவை, இனிப்பும் நிறமும் இல்லாததாகப் பார்த்து, அதே தம்ளரில் ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். பால் நிறம் சிறிது சிறிதாக மறைந்து நீர் தெளியும். கூடுதலான கரியமில வாயு கால்சியம் கார்பனேட்டைக் கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துவிட்டது.

மூன்றாம் படி: தெளிந்த நீரை வெப்பம் தாங்கும் பாத்திரத்தில் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். கரியமில வாயு வெளியேற வெளியேற நீர் மீண்டும் கலங்கும். கடின நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதும், பாடத்தில் தற்காலிகக் கடினத்தன்மை என்று நீங்கள் படிப்பதும் இதுவே.

பவளம் செய்வது மூன்றாம் படியின் வேலை. கொதிக்க வைக்காமலே, தன் உடலின் ஆற்றலைச் செலவிட்டு அதைச் செய்கிறது. கரியமில வாயு மிகுந்தால் வினை இரண்டாம் படியின் பக்கம் திரும்பும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு தொட்டிக்குத் திரும்புவோம்.

வரவுக்கு மூன்று வழிகள்

செலவு இரண்டு பொருள்களில், மாறாத விகிதத்தில் ஆகிறது. ஆகவே வரவும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். பவளம் வளர்ப்பவர்கள் இதற்கு மூன்று வழிகளைக் கையாளுகிறார்கள்.

முதலாவது, நாம் இப்போது செய்த சுண்ணாம்பு நீரேதான். 1970களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கன்ஸ் என்பவர் இம்முறையைப் பரப்பினார். சுண்ணாம்பு நீர் தொட்டியில் கரைந்துள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் வேண்டிய விகிதத்திலேயே தருகிறது. ஒரு லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீரில் சுமார் 1.6 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கும். நம் தொட்டியின் ஒரு நாள் செலவுக்கு 3.7 கிராம் வேண்டும். அதாவது சுமார் 2.3 லிட்டர் சுண்ணாம்பு நீர். நாள்தோறும் ஆவியாகும் நீரின் அளவும் ஏறக்குறைய அதுவே! ஆவியான இடத்தைச் சுண்ணாம்பு நீராலேயே நிரப்பினால் இரு கணக்குகளும் ஒருசேர முடிந்துவிடுகின்றன. ஆனால் சுண்ணாம்பு நீரின் பி.எச். 12க்கும் மேல். ஒரேயடியாக ஊற்றினால் உயிர்கள் மடியும். எனவே பி.எச். இறங்கியிருக்கும் இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விழும்படி அமைக்கிறார்கள்.

இரண்டாவது, இரண்டு கரைசல்களாகச் சேர்ப்பது. ஒன்று கால்சியம் குளோரைடு. மற்றொன்று சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட். நம் தொட்டிக்கு நாளொன்றுக்கு முறையே 5.55 கிராமும் 8.4 கிராமும் வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் வெண்மையாகப் படிந்து வீணாகும். ஆதலால் தனித்தனியே, இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். இம்முறையில் ஒரு மிச்சம் உண்டு. கால்சியத்தைப் பவளம் எடுத்துக்கொண்ட பின் சோடியமும் குளோரைடும் நீரிலேயே தங்கும். நாளுக்கு 5.85 கிராம் உப்பு. ஒரு மாதத்தில் 175 கிராம். தொட்டியின் மொத்த உப்பில் இது நாற்பதில் ஒரு பங்கு. அவ்வப்போது நீர் மாற்றினால்தான் டிட்மார் கண்ட விகிதம் குலையாமல் இருக்கும்.

மூன்றாவது, சோடா ஊற்றிய இரண்டாம் படியைப் போன்றது. ஒரு மூடிய குழாயில் இறந்த பவளக் கற்களின் துண்டுகளை நிரப்பி, தொட்டி நீரோடு கரியமில வாயுவையும் அதன் வழியே செலுத்துகிறார்கள். கல் மெல்லக் கரைந்து, தன்னிலிருந்த கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் திருப்பித் தருகிறது. பழைய பவளத்தின் வீட்டை இடித்துப் புதிய பவளத்துக்கு வீடு கட்டுவது போன்றது இது. மீந்த கரியமில வாயு தொட்டியின் பி.எச்.சைச் சற்றுத் தாழ்த்துவது இதன் குறை.

எந்த வழியானாலும் அளந்த பின்னரே சேர்க்க வேண்டும். குறைவை ஒரே நாளில் ஈடுசெய்யாமல் சில நாட்களில் சிறிது சிறிதாக ஈடுசெய்ய வேண்டும். பவளத்துக்குத் தாழ்ந்த அளவைப் போலவே திடீர் மாற்றமும் தீங்கானது.

மக்னீசியம் என்னும் காவல்காரன்

'குறைந்தால்தானே கேடு, கூடுதலாகவே போட்டு வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். வெப்பக் கடல்களின் மேற்பரப்பு நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே தெவிட்டிய நிலையைக் கடந்துதான் இருக்கிறது. அப்படியானால் கடல் முழுவதும் பாலாகிவிடாமல் தடுப்பது எது? அத்தடைகளுள் முக்கியமானது மக்னீசியம். படிகம் உருவாகத் தொடங்கும் இடங்களில் மக்னீசியம் அயனிகள் ஒட்டிக்கொண்டு மேலும் வளரவிடாமல் தடுக்கின்றன. கடல்நீரில் கால்சியத்தைப் போல் மூன்று மடங்கு மக்னீசியம் இருக்கிறது.

தொட்டியில் மக்னீசியம் குறைந்தாலோ, கால்சியமும் காரத்தன்மையும் அளவுக்கு மிஞ்சினாலோ, சுண்ணாம்பு நீரை ஒரேயடியாகக் கொட்டினாலோ இந்தக் காவல் உடையும். நீர் முழுவதும் பனி பெய்தது போல் வெண்மையாகும். வெப்பமூட்டியின் மீதும் நீரேற்றியின் உள்ளும் கல் படியும். பல வாரச் சேமிப்பு சில மணி நேரத்தில் வீணாகிவிடும்.

சேரும் கழிவுகள்

குறைவதைப் போலவே கூடுவதையும் கணக்கில் எழுத வேண்டும். மீன்களின் கழிவிலிருந்தும் மீந்த உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நன்னீரைவிடக் கடல்நீர்த் தொட்டியில் இது கொடியது. ஏனெனில் பி.எச். 7இலிருந்து 8 ஆகும்போது நச்சுத்தன்மை மிக்க அம்மோனியா வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. நல்வாய்ப்பாகச் சில பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு சில அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுமையின்றி மீனும் பவளமும் விட்டவர்கள் வருந்தியிருக்கிறார்கள்.

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் நம்பித் தொட்டி அமைத்து, 1961இல் அதைப் பற்றி எழுதினார். நுண்துளைகள் நிறைந்த அக்கல்லின் வெளிப்புறத்தில் நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியா வாழ்கிறது. பிராணவாயு எட்டாத உட்புறத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியா வாழ்கிறது. தீனியிலிருந்து வரும் பாஸ்பேட்டுக்கு இப்படி வாயுவாகி வெளியேறும் வழி இல்லை. அது மிகுந்தால் வேண்டாத பாசியை வளர்ப்பதோடு, கால்சியம் கார்பனேட் படிகம் உருவாவதையும் தடுக்கும். ஆகவே அளவாகத் தீனி போடுவதும் வேதியியல்தான்!

தொட்டி சொல்லும் பாடம்

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 'பயோஸ்பியர் 2' என்னும் மாபெரும் கண்ணாடிக் கூடத்துக்குள் சுமார் 26 லட்சம் லிட்டர் கொண்ட ஒரு செயற்கைக் கடலை அமைத்தார்கள். 1991இல் எட்டுப் பேர் உள்ளே சென்று கூடத்தை மூடிக்கொண்டனர். உள்ளே காற்றில் கரியமில வாயு பெருகியது, கடலின் பி.எச். இறங்கியது. பவளங்களைக் காக்கக் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளைக் கொட்ட வேண்டியதாயிற்று. பின்னர் அதே கடலில் அறிவியலார் கிறிஸ் லாங்டனும் அவருடைய குழுவினரும் ஆய்வு நடத்தி 2000இல் முடிவை வெளியிட்டனர். நீரில் கார்பனேட் அயனி குறைந்தால் பவளங்கள் ஓடு கட்டும் வேகமும் குறைகிறது என்பதே அம்முடிவு.

இது நம் எல்லோருக்கும் உரிய செய்தி. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வெளிவரும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு கடலில் கரைகிறது. அது கடலிலுள்ள கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. நாம் தம்ளரில் சோடா ஊற்றியதைப் போன்றது இது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடலின் பி.எச். இன்று 8.1க்கு இறங்கியிருக்கிறது. சிறிய மாற்றம் என்று எண்ண வேண்டாம். ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்பது இதன் பொருள். தொட்டியில் குறை கண்டால் ஒருவர் கரைசலை ஊற்றிச் சரி செய்யலாம், சன்னலைத் திறக்கலாம். பூமிக்குத் திறக்கச் சன்னல் ஏது?

இதைப் படித்ததும் 'நாமும் ஒரு பவளத் தொட்டி வைப்போமே' என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் நாட்டில் அது கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் இடம்பெற்றுள்ளன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பல்லாண்டுகளாகப் பவளத்தை வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். சூளையில் சில மணி நேரத்தில் சுண்ணாம்பாகிப் போனது, ஒவ்வொரு நாளும் நீரிலிருந்து மில்லிகிராம் மில்லிகிராமாகச் சேர்த்து ஒரு சிறு உயிர் கட்டிய வீடு. அதைக் கட்ட எவ்வளவு கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 100 லிட்டர் தொட்டி ஒன்றில் ஒரு நாளில் கால்சியம் லிட்டருக்கு 4 மில்லிகிராம் குறைந்தது. பவளங்கள் எவ்வளவு கால்சியம் கார்பனேட்டைப் படிய வைத்தன? பைகார்பனேட் எவ்வளவு குறைந்திருக்கும்?

2. ஒரு வாரத்தில் 14 லிட்டர் ஆவியான இடத்தைக் கடல்நீரால் நிரப்பிவிட்டார் ஒருவர். தொட்டியில் எவ்வளவு உப்பு கூடுதலாகச் சேர்ந்தது?

3. இரு தொட்டிகளில் காரத்தன்மை ஒன்றே. ஒன்றில் பி.எச். 8.3, மற்றதில் 7.9. இரண்டையும் நண்பகலில்தான் அளந்தார்கள். காரணம் என்னவாக இருக்கலாம்?

விடைகள்: (1) 1 கிராம், லிட்டருக்கு 12.2 மில்லிகிராம். (2) சுமார் 490 கிராம். (3) இரண்டாம் தொட்டி காற்றோட்டமில்லாத அறையில் இருக்கலாம். நீரில் கரியமில வாயு மிகுந்துள்ளது.